கரும்பும் நன்றியும்

புக்கிட் பாத்தோக் என்னும் பெயருக்குப் பொருள் யாது? இவ்வூரிலே பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இக்கேள்விக்கு ஒரே விடை இன்றுவரை கிடைத்ததில்லை. "புக்கிட்" என்பது மலாய் மொழியிலே குன்று, அதில் ஐயமில்லை. "பாத்தோக்" என்பதிலேதான் வழக்கு. மலாய்ச் சொல்லாகக் கொண்டால் அது இருமல். கல்லுடைப்பிலே வெடி வைத்தபோது குன்று இருமுவதுபோல் ஒலித்தமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். ஜாவானியச் சொல்லாகக் கொண்டால் அது தேங்காய்ச் சிரட்டை. குன்றுகளிலே தென்னை நின்றமையால் வந்தது என்பர் வேறு சிலர். மூன்றாமவரோ, கல்லைக் குறிக்கும் "பத்து" என்னும் மலாய்ச் சொல்லே சீனர் நாவிலே திரிந்து "பாத்தோக்" ஆயிற்று என்பர். பத்துமலை என்று நாம் சொல்லும்போது வருவதும் இதே "பத்து"தான். அதனை எண்ணென்று கருதிக்கொண்டு, பத்து மலைகள் எங்கே என்று தேடுவோரும் நம்மிடையே உளர்.

சீனர் இப்பெயரைத் தம் எழுத்தில் எழுதும் முறை இன்னும் வியப்பானது. அவர்களுடைய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. ஆதலின் அயல்மொழிப் பெயரை ஒலிக்காக எழுதப் புகுந்தாலும் ஏதேனும் ஒரு பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. "புக்கிட்" என்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளுள் ஒன்றுக்கு வீரம் என்று பொருள். மற்றதற்கு மங்கலம் என்று பொருள். மலாய்க்காரருக்கு வெறுங் குன்றாக நின்றது, சீனர் ஏட்டிலே வீரமும் மங்கலமும் ஆயிற்று.

ஒரு சொல் வாய்மாறும்போது அதன் பொருள் நழுவுகிறது. சில வேளை புதுப்பொருள் புகுகிறது. சில வேளை ஒலி மட்டுமே மிஞ்சுகிறது. சொல்லுக்கு நேரும் இக்கதி வழக்கத்துக்கும் நேரும் என்பதே நான் ஈண்டுச் சொல்லப் புகுவது. இதனை நான் நூல்களிலே கற்கவில்லை. ஒரே சுவரின் மறுபுறத்தே வாழ்ந்த சீனக் குடும்பத்தாரிடம் கற்றேன்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்த நம்மவர்க்குச் சீனர் என்றால் கடைத்தெருத் தவுக்கே; அவருடைய கடன் புத்தகம்; கடையின் உட்புறத்தே சிவப்பு மாடத்தில் புகையும் ஊதுவத்தி. நகரத்தில் வாழும் நம்மவர்க்கோ சீனர் அண்டை வீட்டார். சிங்கப்பூரிலே 1989ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு ஒரு விதி வந்தது. ஓர் இனத்தார் ஓர் அடுக்குமாடியிலும் ஒரு பேட்டையிலும் இன்ன அளவுக்கு மேல் சேரலாகாது என்பதே அவ்விதி. அதன் பயனாகத் தமிழன் வீட்டு மாவிலைத் தோரணமும் சீனர் வீட்டுச் செந்தாளும் ஒரே தாழ்வாரத்திலே தொங்குகின்றன.

அங்ஙனம் தொங்குவதைக் காணும் நம்மவருள் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார் நகைப்பர். "வாசலிலே அன்னாசிப் பழத்தை உருட்டினால் வீட்டுக்குள் பணம் வந்துவிடுமா?" என்பர். மற்றொரு திறத்தார் தாமும் ஓர் அன்னாசியை வாங்கி வாசலிலே தொங்கவிடுவர். நான்கு எண் பரிசுச்சீட்டு வாங்கும்போது எட்டு எங்கே இருக்கிறதென்று தேடுவர். நகைப்பவர் தம்மை அறிவாளி என்று எண்ணுகிறார். பின்பற்றுபவர் தம்மைக் கெட்டிக்காரர் என்று எண்ணுகிறார். இருவருமே கேளாது விட்ட கேள்வி ஒன்றுண்டு. ஏன் அன்னாசி? ஏன் மாம்பழமன்று? ஏன் எட்டு? ஏன் ஏழன்று?

இதற்கு விடை பழத்திலும் இல்லை, எண்ணிலும் இல்லை, சொல்லிலே இருக்கிறது. மாண்டரின் மொழியிலே தொனியை நீக்கி எண்ணினால் அசைகள் ஏறக்குறைய 400 மட்டுமே. தொனி வேறுபாட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,300. இத்துணைச் சிறிய ஒலிக்களஞ்சியத்தைக் கொண்டு உலகத்துப் பொருள்களையெல்லாம் குறித்தாக வேண்டும். ஆகவே ஒரே ஒலி பல பொருளுக்கு ஆகிறது. சிலேடை என்பது புலவரின் விளையாட்டாக நில்லாமல் அன்றாடப் பேச்சின் இயல்பாகிறது. சீனரின் மங்கலச் சின்னங்களுட் பெரும்பாலானவை இத்தகைய சிலேடைகளே.

ஹொக்கியன் மொழியிலே அன்னாசிக்கு "ஓங் லாய்" என்று பெயர். "செழிப்பு வருக" என்பதும் அதே ஒலியாகக் கேட்கும். ஆதலினாலேயே புதுவீடு புகுவோர் அன்னாசியை வாசலிலிருந்து உள்ளே உருட்டிவிடுகின்றனர். கண்டன் மொழியிலே ஆரஞ்சுக்கும் பொன்னுக்கும் ஒலி ஒன்று. அதனாலே புத்தாண்டில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் நீட்டுகின்றனர். நீட்டுபவர் தருவது பழம். சொல்லுவது "பொன் பெறுக" என்பது. மீனுக்கு "யூ" என்று பெயர். எஞ்சுவது, மிகுவது என்பதற்கும் "யூ" என்றே ஒலி. ஆண்டிறுதி விருந்திலே மீனை முழுதும் உண்ணாது சிறிது மிச்சம் வைப்பது இதனாலேயே. "பூ" என்னும் நற்பேற்றெழுத்தைக் கதவிலே தலைகீழாக ஒட்டியிருப்பதைக் கண்டு, தெரியாமல் ஒட்டிவிட்டார்கள் என்று நம்மவர் ஒருவர் திருத்தப் போனதுண்டு. தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் மாண்டரினிலே ஒலி ஒன்று. நற்பேறு வந்து சேர்ந்தது என்பதே அதன் கருத்து. நாம் கண்டாற் கதவடைக்கும் வௌவால்கூட அவர்களுடைய பீங்கானிலும் பட்டிலும் சிறகு விரித்து நிற்கிறது. அதன் பெயரும் நற்பேற்றின் பெயரும் ஒலியில் ஒத்திருப்பதே காரணம்.

விலக்குகளும் இவ்வாறே. நான்கு என்னும் எண் சாவு என்னும் சொல்லோடு ஒலியில் நெருங்குகிறது. ஆதலின் அதனை ஒதுக்குகின்றனர். சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடார். கடிகாரம் கொடுத்தல் என்னும் தொடர், இறுதிக் கடன் கழித்தல் என்பதாகவும் கேட்கும். கணவனும் மனைவியும் ஒரு பேரிக்காயைப் பகிர்ந்துண்ணார். பேரியைப் பகிர்தல் என்பது பிரிதல் என்றும் கேட்கும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் நகைப்பவரின் நகைப்பு சற்றே அடங்கும் என்று நினைக்கிறேன். ஏனெனில் தமிழராகிய நாமும் சொல்லுக்கு அஞ்சியவரே, சொல்லைப் போற்றியவரே. விடைபெறும்போது "போகிறேன்" என்று நாம் சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை "அணை" என்று மூத்தோர் சொல்லார்; "குளிரவை" என்பர். நன்னூலாசிரியர் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பெயரிட்டார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். சீனரின் வழக்கத்துக்கு நம் இலக்கணத்திலே பெயர் எப்போதோ வைத்தாயிற்று! சீனர் உணவுண்ணும் குச்சிகளுக்குப் பழம்பெயர் ஒன்று இருந்தது. அது "நில்" என்னும் சொல்லோடு ஒலியில் ஒத்தமையால், படகு நின்றுவிடும் என்று அஞ்சிய ஓடக்காரர் அதனை மாற்றி, "விரைவு" என்று ஒலிக்கும் புதுப்பெயரை வைத்தனர் என்று கூறுவர். மாண்டரினிலே இன்று வழங்குவது அப்புதுப்பெயரே. நம் நன்னூலார் அவ்வோடத்தில் இருந்திருப்பின், மங்கலம் என்று சொல்லி முறுவலித்திருப்பார்.

ஒற்றுமைக்கு நடுவே வேற்றுமையும் உண்டு. நமக்குத் திருமண மொய் 100 வெள்ளி என்றால் அரைகுறை. 101 என்றால்தான் நிறைவு. அந்த ஒரு வெள்ளி, கணக்கு முடியவில்லை, உறவு தொடர்கிறது என்று சொல்லுகிறது. சீனர்க்கோ நன்மை இரட்டையாக வரவேண்டும்; திருமணத்துக்கு இரட்டைப்படைத் தொகை வைப்பர். ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்கு உரியது. நம்முடைய வாழ்த்தை அப்படியே அவர் கையிலே கொடுத்தால் அது இரங்கலாகிவிடும். ஆகவே அயலாரோடு அன்பு பாராட்டுவோர் அவருடைய எண்ணையும் நிறத்தையும் கற்றுக்கொள்ளல் நலம். நல்லெண்ணம் இருந்தாற் போதும் என்பார் கூற்று முழுதும் சரியன்று. அந்நல்லெண்ணம் அவருக்கு விளங்கும் மொழியிலே சொல்லப்படுதலும் வேண்டும்.

இனி அண்டை வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் அடுத்த வீட்டிலே ஒரு முதுமகளார் இருந்தார், ஹொக்கியர். பேத்தி "ஆ மா" என்று அழைப்பாள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். என்னை அவர் "தம்பி" என்றழைப்பார். எனக்கும் நரை கண்டுவிட்டது என்று சொன்னால், "தம்பி தம்பிதான்" என்று மலாயிலே மறுமொழி சொல்லுவார். நான் சிறுவனாக வளர்ந்த கம்பத்திலே ஹொக்கியன் பேசுவோரே மிகுதி. ஆதலின் கடைத்தெருவுக்குப் போதுமான ஹொக்கியன் எனக்கு வாய்த்திருந்தது. மலாயும் ஹொக்கியனும் கலந்து எங்கள் பேச்சு நடக்கும்.

சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியர்க்குத் தலைநாள் போன்றது. அது வானுலகப் பேரரசரின் பிறந்தநாள் என்பது அவர்கள் நம்பிக்கை. எட்டாம் நாள் இரவு, நள்ளிரவை நெருங்கும் வேளையிலே, மேசை போட்டுப் படையல் வைப்பர். மேசையின் இரு புறத்தும் தோகையோடு கூடிய முழுக் கரும்பைக் கட்டுவர். முன்னொரு காலத்திலே பகைவர் தம் ஊரைச் சூறையாட வந்தபோது ஹொக்கியர் கரும்புத் தோட்டத்துள் ஒளிந்து உயிர் பிழைத்தனர் என்றும், அவர்கள் வெளிப்பட்ட நாள் இந்த ஒன்பதாம் நாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கரும்பினால் உயிர் பெற்றோர் கரும்பை மறக்கவில்லை.

ஓராண்டு அவ்விரவிலே தாழ்வாரத்தில் அவர் தனியே கரும்பு கட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கிற்று. நான் சென்று ஒரு புறத்தைப் பிடித்துக் கொண்டேன். பத்து வயதுப் பேத்தி கதவருகே நின்று, "ஏன் கரும்பு, ஆ மா?" என்று மாண்டரினிலே கேட்டாள். முதியவர் ஹொக்கியனிலே விடை சொன்னார். பேத்திக்கு விளங்கவில்லை. அவர் மீண்டும், குரலை உயர்த்தி, அதே சொற்களைச் சொன்னார். உரக்கச் சொன்னால் விளங்கும் என்பது முதியோர் எல்லாரும் கொள்ளும் நம்பிக்கை. பேத்தி என்னைப் பார்த்தாள். "அங்கிள், ஆ மா என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்திலே வினவினாள்.

நான் சொன்னேன்: "உன் ஆ மாவின் மொழியிலே கரும்புக்குக் 'கம்சியா' என்று பெயர். நன்றி என்பதற்கும் ஏறக்குறைய அதே ஒலி. வானத்தார்க்கு நன்றி சொல்லுவதற்குக் கரும்பைக் கட்டுகிறார். அவர் கட்டுவது கரும்பன்று, ஒரு சொல்."

பெண் கரும்பை ஏறிட்டுப் பார்த்தாள். பின்பு பாட்டியைப் பார்த்தாள். "கம்சியா" என்று மெல்லச் சொன்னாள். முதியவரின் முகம் மலர்ந்தது. அது கரும்பைச் சொன்னதா நன்றியைச் சொன்னதா என்று அவர் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றென்பதுதானே அவ்வழக்கத்தின் உயிர்!

நான் வீடு திரும்பியபின் நெடுநேரம் உறக்கம் கொள்ளவில்லை. ஒரு சீனப் பாட்டியின் சொல்லை அவருடைய சொந்தப் பேத்திக்கு ஒரு தமிழன் மொழிபெயர்க்க நேர்ந்ததே என்னும் எண்ணமே காரணம். இஃது எவருடைய குற்றமும் அன்று. 1979ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே சிங்கப்பூர் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிற்று. ஹொக்கியர், தியோச்சியர், கண்டனியர், ஹக்கா, ஹைனானியர் என்று பிரிந்து நின்று ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காதிருந்த மக்களை ஒரு மொழியிலே கூட்டுவது அதன் நோக்கம். பள்ளிப் பிள்ளைகளின் மொழிச்சுமையைக் குறைப்பதும் நோக்கம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வழங்கிவந்த வட்டார மொழி நிகழ்ச்சிகள் சில ஆண்டுகளிலே நின்றன. 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கிலே, வீட்டில் சீன வட்டார மொழிகளையே மிகுதியாகப் பேசுவோர் குடியிருப்போருள் 14.3 விழுக்காடு; 2020ஆம் ஆண்டிலே 8.7 விழுக்காடு. ஒன்று பெற ஒன்று இழந்தனர். பெற்றதும் பெரிது, இழந்ததும் சிறிதன்று.

இழந்தது யாது என்பதை அன்னாசியிலே காணலாம். மாண்டரினிலே அன்னாசிக்கு வேறு பெயர்; "செழிப்பு வருக" என்று அது சொல்லாது. ஆரஞ்சின் பெயரும் மாண்டரினிலே பொன்னின் பெயராக ஒலியாது. மீனும் தலைகீழ் எழுத்தும் பிழைத்தன, அன்னாசி ஊமையாயிற்று. ஆயினும் கடைகளிலே தாளால் செய்த அன்னாசி ஆண்டுதோறும் மிகுதியாகவே தொங்குகிறது! சொல் போயிற்று, சின்னம் நிற்கிறது. சொல்லிருந்தபோது அது வாழ்த்து. சொல் போனபின், "இது வைத்தால் பணம் வரும்" என்னும் நம்பிக்கை மட்டுமே எஞ்சுகிறது. மூடப்பழக்கம் எவ்வாறு பிறக்கிறது என்று கேட்பார்க்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. பழக்கங்களுட் பல பிறக்கும்போதே மூடமாகப் பிறப்பதில்லை. பொருள் மறந்தபின் மூடமாகின்றன.

இதனை அயலாரின் குறையாக மட்டும் கண்டு மகிழ்வோமாயின் நாம் ஏமாந்தவராவோம். அவ்விரவுக்கு அடுத்த தைத்திங்களிலே எங்கள் வீட்டிலே பொங்கல். அடுக்குமாடி வீட்டுச் சமையலறை; எரிவாயு அடுப்பு; மஞ்சள் கொத்துக் கட்டிய சிறு பானை. பால் விளிம்புக்கு எழுந்தது. அனைவரும் வாய்திறக்கும் அந்நொடியிலே என் எட்டு வயதுப் பேரன் பாய்ந்துசென்று அடுப்பை நிறுத்திவிட்டான். "தாத்தா, நல்லவேளை, வழியவில்லை!" என்று ஆங்கிலத்திலே பெருமையோடு சொன்னான். அவன் பாட்டி திகைத்து நின்றாள். பிள்ளை செய்தது அறிவான செயலே. பால் வழிந்தால் அடுப்பு கெடும் என்று அவன் நாள்தோறும் கேட்டிருக்கிறான். "பொங்கு" என்னும் சொல்லுக்குக் கொதித்தெழுதல் என்றும் செழித்துப் பெருகுதல் என்றும் இரு பொருள் உண்டென்பதை மட்டும் அவன் கேட்டதில்லை. கரும்பைக் கண்டு சீனச் சிறுமி நின்ற இடத்திலேயே பானையைக் கண்டு தமிழ்ச் சிறுவன் நின்றான்.

நான் அவனை மடியிலிருத்தி அச்சொல்லைச் சொன்னேன். வயல் பொங்கட்டும், வீடு பொங்கட்டும் என்று பானையின் வாயாலே சொல்லுகிறோம் என்றேன். அடுப்பை மீண்டும் ஏற்றினோம். பால் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று அனைவரிலும் உரக்கக் கூவியவன் அவனே.

மேற்சொன்ன அதே கணக்கு நம்மைப் பற்றியும் பேசுகிறது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டிலே தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 36.7 விழுக்காடு, 2020ஆம் ஆண்டில் 27.9 விழுக்காடு. இந்தியர் என்னும் தொகுப்பிலே பிறமொழியாளரும் அடங்குவர். அவர் தொகை கூடியதும் இவ்விறக்கத்துக்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் எரிவாயு அடுப்பை நிறுத்திய சிறு கையை நான் எண்ணிப் பார்க்கிறேன். அரசு தமிழுக்கு ஆட்சிமொழி என்னும் இடம் தந்திருக்கிறது, பள்ளியிலே பாடம் உண்டு, வானொலி உண்டு. ஹொக்கியனுக்கு இவையெல்லாம் இல்லை. இருந்தும் வீட்டிலே சொல் வழங்காவிடில், நம் வழக்கங்களும் தாள் அன்னாசி ஆகும்.

இவ்விடத்திலே சீர்திருத்த அன்பர் ஒருவர் இடைமறிப்பார்: "வழக்கங்கள் ஒழிந்தால் ஒழியட்டுமே! எத்தனை வழக்கங்கள் மக்களை வதைத்தன?" என்பார். அவர் கேட்பது நியாயம். சீனரின் வரலாறே அதற்குச் சான்று. சிறுமியரின் கால்விரல்களை மடக்கி, எலும்பு முறியக் கட்டி, நடக்கவொண்ணாது செய்த கொடுமைக்கு அவர்கள் இட்ட பெயர் "பொற்றாமரை". எத்துணை அழகிய பெயர்! உள்ளே எத்துணைச் சீழும் குருதியும்! 1912ஆம் ஆண்டிலே சீனக் குடியரசு அதனைத் தடை செய்தது. நாமும் கணவனை இழந்தாளை "அமங்கலி" என்று ஒரு சொல்லாலே மணமேடையிலிருந்து துரத்தினோம். மங்கலச் சொல் வாழ்த்தவும் வல்லது, வதைக்கவும் வல்லது.

ஆயினும் வதைக்கும் வழக்கத்தைக் களைந்தோர் யாவர்? பொருள் அறியாதவரா, அறிந்தவரா? இச்சிங்கப்பூரிலே வாழ்ந்த லிம் பூன் கெங் என்னும் அறிஞரைக் காண்க. 1869ஆம் ஆண்டு பிறந்தவர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். 1887ஆம் ஆண்டிலே அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். அங்கே ஒரு சீன ஏட்டுச் சுருளைக் காட்டி இதன் பொருள் யாதெனக் கேட்டபோது அவரால் சொல்லக் கூடவில்லை என்றும், அந்நாணமே அவரைச் சீனங் கற்கத் தூண்டிற்று என்றும் கூறுவர். ஊர் திரும்பியபின் அவர் பின்னலை அறுக்கும் இயக்கத்தை நடத்தினார். 1899ஆம் ஆண்டிலே நண்பர்களோடு கூடிச் சீனப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதே காலத்திலே மாண்டரின் வகுப்பும் நடத்தினார். கன்பூசியரின் அறநெறியையும் பரப்பினார். ஒரு கையாலே களை பறித்தார். மறு கையாலே பயிர் வளர்த்தார்.

அவர் அறுக்கச் சொன்ன பின்னலின் கதை சுவையானது. மஞ்சு அரசர் சீனத்தை வென்று, 1645ஆம் ஆண்டிலே, அடிமைக்கு அடையாளமாக ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வளர்க்கவேண்டுமென்று ஆணையிட்டனர். மறுத்தோர் தலையிழந்தனர். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. அப்பின்னலே மூதாதையர் மரபாயிற்று! அறுக்க வந்தோரை, மரபைக் கெடுக்க வந்தோர் என்று மக்களே வைதனர். அடிமைச் சின்னத்தின் பொருளை மறந்தவர் அதனை அணியென்று காத்தனர். பொருளை நினைவூட்டியவரே அதனை அறுக்க முடிந்தது. பொருள் தெரியாதவன் வழக்கத்தைக் காக்கவும் மாட்டான், திருத்தவும் மாட்டான். தெரிந்தவனுக்கே இரண்டும் கைகூடும்.

திருத்துதல் என்றால் எப்போதும் வெட்டி எறிதலும் அன்று. சீனர் திருமணத்திலே தாமரை விதையைத் தருவதுண்டு. அடுத்தடுத்து மைந்தர் பிறக்க என்பது அதன் சிலேடை. பெண் பிறந்தால் என்ன என்று நாம் கேட்போம். மைந்தனைக் குறிக்கும் அதே சொல் பிள்ளை என்றும் பொருள்படும். இன்றைய மணமக்கள் அதனைப் பிள்ளைகள் என்று கொள்ளலாம். விதையையும் எறிய வேண்டா, பெண்ணையும் தாழ்த்த வேண்டா. சொல்லை அறிந்தவர்க்கே இவ்வழி திறக்கும்.

வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று, மனிதர் செய்தது, இன்றும் செய்யப்படுவது. புத்தாண்டிலே பச்சை மீன் கலவையை எல்லாரும் கூடி நின்று குச்சிகளால் உயரத் தூக்கிக் கிளறும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பழஞ்சீனத்து வழக்கம் என்று பலரும் எண்ணுவர். இன்று காணும் வகையிலே அதனை அமைத்து 1964ஆம் ஆண்டிலே சிங்கப்பூரில் பரப்பியவர் நான்கு சமையல் வல்லுநர் என்பர். மலேசியரும் அதற்கு உரிமை கோருவர். எவராயினும் ஆகுக, இம்மண்ணிலே பிறந்த வழக்கம் அது. அதுபோலவே சீனரின் சிவப்புப் பணவுறையாகிய அங்பாவைக் கண்டு மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை செய்தனர். நாம் தீபாவளிக்குப் பல வண்ண உறை செய்தோம். வெறுங் கையிலே திணித்த காசைவிட உறையிலிட்ட காசு பிள்ளைக்கு மதிப்பாயிற்று. பொருளறிந்து கொண்டது; ஆதலின் அது நமக்கும் சொந்தமாயிற்று.

ஆ மா இன்று இல்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே அவருக்கு இறுதி மரியாதை நடந்தது. வெள்ளை உறையிலே ஒற்றைப்படைத் தொகை வைத்துக் கொண்டுபோனேன். வாசலிலே பேத்தி எனக்கு ஒரு சிவப்பு நூல் தந்தாள். துக்கம் நம்மோடு வீடுவரை வாராதிருக்கத் தரும் நூல் அது. வட்ட மேசையிலே நிலக்கடலையும் முலாம்பழ விதையும் இருந்தன. உறவினர் இரவெல்லாம் விழித்திருந்தனர். புறப்படும்போது நான் விடைபெறவில்லை, அவளும் வழியனுப்பவில்லை. துக்க வீட்டிலே மீண்டும் காண்போம் என்று சொல்லலாகாதென்பது சீனர் வழக்கம். சொல்லிக்கொள்ளாமல் வருதல் தமிழர் வழக்கம். இரண்டு மொழிகளும் ஒரே இடத்திலே வாய்மூடி நின்றன. ஏன் பேசவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தமையால் அம்மௌனம் கனிவாயிருந்தது. தெரியாதிருந்தால் அதுவே அவமதிப்பாகத் தோன்றியிருக்கும்.

எங்கள் ஊரிலே கைவிடப்பட்ட கல்லுடைப்பு ஒன்று பூங்காவாகியிருக்கிறது. குடைந்த பள்ளத்திலே நீர் நிறைந்து, நடுவே செங்குத்தான பாறை நிற்கிறது. சீனத்தின் குவாங்சி மாநிலத்துக் குய்லின் மலைகளைப் போன்றிருப்பதால் அதனைச் சின்னக் குய்லின் என்பர். மெய்யான குய்லின் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழைநீர் அரித்துச் செதுக்கியது. எங்கள் பாறையோ நிலத்தடியிலே உருகிய குழம்பு குளிர்ந்து இறுகிய கல்; மனிதர் வெடிவைத்துச் செதுக்கியது. தோற்றம் ஒன்று, கல் வேறு. அதிலே குற்றமில்லை; அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன்முன் நிற்கும் பிள்ளைக்கு இவ்விரண்டு கதைகளையும் சொல்ல ஒருவர் வேண்டும். இங்கே கல்லுடைத்தோர் யாவர், அங்கே மலையைக் கண்டு ஏங்கினோர் யாவர் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் அன்பர்களே! அயலாரின் சின்னத்தைக் கண்டால் நகைக்குமுன் அதன் சொல்லைக் கேளுங்கள். கேட்பாரை அவர்கள் வெறுப்பதில்லை, மகிழ்ந்து சொல்லுவர். நம் வீட்டுப் பிள்ளைகள் கேளாதிருப்பினும் நம் சின்னத்தின் சொல்லை நாமே சொல்லிவைப்போம். சொன்னபின் அவர்கள் வளர்ந்து, இது வேண்டும், இது வேண்டா என்று தள்ளினாலும் வருந்துவதற்கில்லை; அது பகுத்தறிவின் வேலை. சொல்லாமல் விட்டால் அவர்கள் தள்ளுவதும் குருட்டுத்தனம், கொள்ளுவதும் குருட்டுத்தனம். வருகின்ற தைத்திங்களிலே பானையை அடுப்பிலே ஏற்றுமுன், அடுப்பருகே நிற்கும் பிள்ளையை அழைத்து, "பொங்கு" என்றால் என்ன என்று கேளுங்கள். விடை வாராவிடில் பால் சற்றே காத்திருக்கட்டும்.